பேரிங்கை மாற்றினேன், 7 மாதத்தில் மறுபடி கழற்றினேன்

நேற்று இரவு வாஷிங் மெஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டியான டப்பின் முதுகைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பெல்ட் ஓடும் சக்கரமான புல்லிக்குப் பின்னால், பேரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு டிஷ்யூ தாளை விட்டுத் துடைத்தேன். தூசி வந்தது, துருத் தண்ணீர் வரவில்லை. இரண்டாம் முறை பேரிங் மாற்றி 14 மாதம் ஆகிவிட்டது. முதல் முறை மாற்றியது 7 மாதம் ஓடியது, அவ்வளவுதான். இரண்டு முறையும் கழற்றியது நான்தான், மெஷினும் அதேதான், பேரிங் நம்பரும் அதேதான். முதல் தடவை நான் எதைப் பார்க்காமல் விட்டேன் என்பதை மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மெஷின் முன்பக்கக் கதவு வைத்தது. 7 கிலோ, பெல்ட்டில் ஓடுவது, பிழியும்போது நிமிடத்துக்கு 1000 சுற்று. முதலில் சத்தம் வந்தபோது அதற்கு வயது 11.

சத்தம் ஒரே நாளில் வரவில்லை. துணி பிழியும் கடைசிக் கட்டத்தில் மட்டும் ஓர் உறுமல். இரண்டு மூன்று மாதத்தில் அது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற சத்தமாக மாறியது. அடுத்த அறையில் போன் பேசிக்கொண்டிருந்தால் கதவைச் சாத்தவேண்டி வந்தது. பழுது பார்க்க வந்தவர் டிரம்மை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "டப் செட்டையே மாத்தணும் சார்" என்றார். அவர் சொன்ன தொகை புது மெஷின் விலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம் நான் செய்த முதல் வேலையே தப்பு. சத்தம் மோட்டாரிலிருந்து வருகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷை மாற்றினேன். புதியது 35 மி.மீ. நீளம், கழற்றியது 12 மி.மீ. தேய்ந்துதான் இருந்தது, எப்படியும் மாற்றவேண்டியதுதான். ஆனால் சத்தம் இம்மியும் குறையவில்லை. பிரஷ் தேய்ந்தால் மோட்டார் திணறும், பொறி பறக்கும், நடுவில் நின்றுபோகும், உறுமாது. இது பிறகு தெரிந்தது. அடுத்து ஷாக் அப்சார்பர் மேல் சந்தேகம். மேல்மூடியைக் கழற்றி, டப்பைக் கையால் அழுத்தி விட்டுப் பார்த்தேன். ஒரு தடவை எழும்பி நின்றுவிட்டது. நல்ல நிலையில் இருந்தால் அப்படித்தான் நிற்கும். மூன்று நான்கு தடவை குதித்தால்தான் அது போய்விட்டது என்று அர்த்தம்.

பெல்ட்டைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே ஒரு வாரம் ஆனது. பின்தகட்டைக் கழற்றி, பெல்ட்டைப் புல்லியிலிருந்து உருவிவிட்டு, டிரம்மைக் கையால் சுற்றினேன். மோட்டார் சம்பந்தமே இல்லை, ஆனாலும் கரகரவென்று அதே உறுமல். ஓர் உள்ளங்கையை டப்பின் முதுகில் வைத்து மறு கையால் டிரம்மைச் சுற்றினால், மணல் அரைபடுவது கையில் தெரிந்தது. டிரம்மின் வாயை மேலும் கீழும் ஆட்டினால் 3 மி.மீ. ஆடியது. டப்பின் முதுகில், பேரிங்கிலிருந்து கீழ்நோக்கிக் காப்பித்தூள் நிறத்தில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. அந்தக் கோடு எத்தனை மாதமாக அங்கே இருந்ததோ! 5 நிமிட வேலை இது. இதை முதலில் செய்திருந்தால் பிரஷ், ஷாக் அப்சார்பர் என்று சுற்றியிருக்க மாட்டேன்.

மெஷினைப் பிரிக்கும் கதையை நீட்டப்போவதில்லை. பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, கீழே பம்ப் ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்தேன். மேல்மூடி, சோப்பு டிராயர், பட்டன் பலகை, கதவு ரப்பரின் வெளிக் கம்பி, முன்தகடு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றன. கதவு ரப்பரின் உள்பக்கக் கம்பியில்தான் கொஞ்சம் போராட்டம். அதில் ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும், அதைத் தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும், நெம்புகிற இடத்தில் ரப்பர் கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கான்கிரீட் எடைக்கல் முன்னால் ஒன்று, மேலே ஒன்று. இரண்டையும் இறக்கி வைத்தபிறகு டப் பாதி கனமாகிவிட்டது. ஒவ்வொரு வயரைப் பிடுங்கும் முன்பும் மொபைலில் படம் எடுத்தேன். மொத்தம் 43 படம். திரும்ப மாட்டும்போது 44-வது படம் ஒன்று தேவைப்பட்டது, அது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்பிரிங்கிலிருந்து டப்பை இறக்க இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும். என் மனைவி ஒருபக்கம் பிடித்துக்கொண்டார். "இது மறுபடி உள்ளே போகுமா?" என்று கேட்டார். போகும் என்றேன், எனக்கே நிச்சயமில்லாமல்.

இனி டப். சில மெஷின்களில் இரண்டு பாதியையும் பிளாஸ்டிக் வெல்டிங்கில் ஒட்டிவிடுகிறார்கள். ரம்பம் வைத்து அறுத்தால்தான் திறக்கும், பிறகு துளை போட்டு ஸ்க்ரூ வைத்து மூட வேண்டியிருக்கும். என்னுடையதில் நல்லவேளையாக ஸ்க்ரூ. சுற்றிலும் 22. இதைக் கழற்றத் தொடங்குவதற்கு முன்பே, தகடு திறந்ததும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஒட்டிய டப் என்றால் கணக்கே வேறு.

புல்லியின் நடுப் போல்ட் அசையவில்லை. பூட்டுப் பசை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஹேர் டிரையரை 10 நிமிடம் அதன் தலையில் காட்டி, 17 மி.மீ. சாக்கெட் மாட்டி, கைப்பிடியில் ஒரு இரும்புப் பைப்பைச் சொருகி நீளமாக்கிக்கொண்டு தள்ளினேன். 'டக்' என்று விட்டது. அந்தச் சத்தம் வரும்போது உடைந்தது போல்ட்டா நம் மனசா என்று ஒரு நொடி தெரியாது.

முன்பாதியை எடுத்துவிட்டு, பின்பாதியை, டிரம்மின் அச்சுத்தண்டான ஷாஃப்ட் மேலே பார்க்க இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைத்தேன். கீழே டிரம் தொங்கும். இப்போது ஷாஃப்ட்டை மேலிருந்து தட்டினால் டிரம் கீழே இறங்கும். இங்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஷாஃப்ட்டின் நுனியில் உள்ள ஓட்டையில்தான் புல்லிப் போல்ட் மாட்டும். அந்தப் போல்ட்டைப் பாதி உள்ளே திருகி வைத்து, அதன் மேல் மரத்துண்டை வைத்து அடிக்கவேண்டும். நான் போல்ட் இல்லாமலே, வெறும் ஷாஃப்ட் மேல் சுத்தியலைப் போட்டேன். நான்கு அடியில் நுனி லேசாகப் பிதுங்கி, மரையின் முதல் சுற்று நசுங்கிவிட்டது. அதைச் சரிசெய்ய மரை வெட்டும் டேப் கருவி ஒன்றைத் தேடிப் பிடிக்க அரைநாள் போனது.

டிரம் இறங்கியதும் பேரிங்கின் கோலம் தெரிந்தது. டிரம் பக்கம் இருக்கும் பெரிய பேரிங்கில் கிரீஸ் என்று எதுவும் இல்லை, சிவப்புச் சேறுதான். குண்டுகளைப் பிடித்து வைக்கும் கூடு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. புல்லிப் பக்கத்துச் சின்னப் பேரிங் கிட்டத்தட்ட புதிது மாதிரி சுற்றியது. இந்த வித்தியாசத்தை அன்றே யோசித்திருக்க வேண்டும். இரண்டு பேரிங்கும் ஒரே வயது, ஒரே ஷாஃப்ட், ஒரே சுற்று. ஒன்று மட்டும் செத்திருக்கிறது என்றால் அது தேய்ந்து சாகவில்லை, தண்ணீர் குடித்துச் செத்திருக்கிறது. கண்ணெதிரே இருந்ததை நான் பார்க்கவில்லை.

பேரிங்கின் பக்கவாட்டில் நம்பர் பொறித்திருக்கும். பெரியது 6206, சின்னது 6205. இந்த நம்பர் எந்தக் கம்பெனிக்கும் பொது. 6206 என்றால் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மி.மீ. 6205 என்றால் 25, 52, 15. பேரிங்குக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் ஆயில் சீல்; அதன் மேல் 35 × 65.55 × 10/12 என்று இருந்தது. கடைசியில் 10/12 என்றிருப்பது சீலின் தடிமன் இரண்டு படியாக இருப்பதால். சீல் அளவில் மட்டும் 'கிட்டத்தட்ட' என்ற பேச்சே கூடாது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் உட்காராது, உட்கார்ந்தாலும் ஒழுகும்.

சின்னப் பேரிங்கை உள்பக்கத்திலிருந்து ஒரு பித்தளைத் தண்டை விட்டு, இந்தப்பக்கம் ஓர் அடி அந்தப்பக்கம் ஓர் அடி என்று மாற்றி மாற்றித் தட்டியதில் வந்துவிட்டது. பெரியது வரவில்லை. அடித்ததில் உள்வளையமும் குண்டுகளும் மட்டும் தெறித்து வெளியே வந்தன. வெளிவளையம், பேரிங் உட்காரும் அலுமினியக் கூட்டிலேயே ஒட்டிக்கொண்டது. சுற்றிலும் பிளாஸ்டிக் என்பதால் நெருப்புக் காட்டவும் முடியாது. துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு விட்டேன். பலனில்லை. கடைசியில் கையடக்க கிரைண்டரில் சின்ன வட்டு மாட்டி, வளையத்தின் உள்பக்கம் குறுக்கே ஒரு பள்ளம் அறுத்தேன். முக்கால் ஆழம் போனதும் நிறுத்திவிட்டு, அந்தப் பள்ளத்தில் உளியை வைத்து ஓங்கி ஓர் அடி. கடினமான எஃகு வளைந்து கொடுக்காது, அப்படியே விரிசல் விட்டது. விரல் நுனியால் எடுத்துவிட்டேன். கூட்டில் ஓர் இடத்தில் வட்டு உரசிய கீறல் விழுந்தது. எம்ரி தாளால் தேய்த்து மழுப்பினேன். கண்ணாடி போடாமல் இந்த வேலையைச் செய்யக்கூடாது. அந்தச் சில்லு எந்தத் திசையில் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

புதுப் பேரிங்கை மாட்டுவது கழற்றுவதில் கால்வாசி வேலைகூட இல்லை. முதல் நாள் இரவே இரண்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். காலையில் அலுமினியக் கூட்டை ஹேர் டிரையரால் 15 நிமிடம் சூடாக்கினேன். ஓரடி நீள எம்12 மரைத்தண்டு, இரண்டு நட், தடித்த வாஷர்கள் இவைதான் அழுத்தும் கருவி. கழற்றிய 6205-இன் வெளிவளையத்தைச் சுற்றிலும் கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்து, அதைப் புது 6205-இன் வெளிவளையத்தின் மேல் வைத்து நட்டை இறுக்கினேன். உள்வளையத்தில் அழுத்தம் விழவே கூடாது. விழுந்தால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும், புதிதிலேயே கரகரக்கும். பேரிங் அடி வரை போய்விட்டால் நட் சட்டென்று இறுகிவிடும், அதுதான் அடையாளம்.

புது சீலையும் அதே நாளில் தட்டி உட்கார வைத்தேன். வீட்டில் இருந்த சைக்கிள் கிரீஸை அதன் உதட்டில் தடவினேன். டிரம்மை உள்ளே தள்ளி, டப்பை மூடி, எல்லாவற்றையும் மாட்டினேன். மெஷின் புதிது மாதிரி ஓடியது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமைக்குக் குறைச்சல் இல்லை.

ஏழாம் மாதம் அந்த உறுமல் திரும்ப வந்தது.

முதலில் பேரிங் போலி என்று திட்டினேன். பிறகு டப்பை மறுபடி வெளியே எடுத்தேன். இந்தத் தடவை ஒரே மாலையில் எடுத்துவிட்டேன், கை பழகியிருந்தது. போல்ட்டையும் பாதி திருகி வைத்துத்தான் அடித்தேன். உள்ளே அதே காட்சி: பெரிய பேரிங்கில் சேறு, சின்னது சுத்தம். சீலின் ரப்பர் உதடு புதிதாகத்தான் இருந்தது. கிழிசல் இல்லை, விறைப்பு இல்லை. அப்படியென்றால் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? எனக்குப் பிடிபடவில்லை.

நசுங்கிய மரைக்காக அப்போது போயிருந்த லேத் பட்டறைக்கே ஷாஃப்டோடு போனேன். டிரம்மைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. அதனால் டிரம்மின் முதுகில் ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் மூன்று கைச் சட்டமான ஸ்பைடரைக் கழற்ற வேண்டியிருந்தது. கைக்கு 2 வீதம் 6 போல்ட். ஐந்து வந்தது, ஒன்று கழுத்தோடு முறிந்தது. ஸ்பைடர் அலுமினியம், டிரம்மும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகு. சோப்புத் தண்ணீரில் இந்த ஜோடி 12 வருடம் ஊறினால் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து, போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

பட்டறைக்காரர் வயதில் பெரியவர். பேரிங் கம்பெனியை நான் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஷாஃப்ட்டைக் கையில் வாங்கி, ஒரு துணியால் துடைத்து, சீல் உட்காரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து நீளவாக்கில் இழுத்தார்.

"பேரிங்கைச் சும்மா திட்டாதீங்க தம்பி. இங்க நகத்த வச்சுப் பாருங்க."

வைத்தேன். மேலிருந்து வழுக்கி வந்த நகம் ஓர் இடத்தில் 'டிக்' என்று விழுந்தது. திரும்ப ஏறும்போது இன்னொரு 'டிக்'. ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கும் ஸ்பைடருக்கும் நடுவில் ஒரு பித்தளை உருளை வளையம், அதாவது புஷ், ஏற்றியிருப்பார்கள்; சீலின் உதடு அதன் மேல்தான் உரசிக்கொண்டே இருக்கும். அந்த உதடு 11 வருடம் ஒரே இடத்தில் உரசி, நடுவில் சிக்கிய சோப்புத் துகளும் மண்ணும் எம்ரி மாதிரி வேலை செய்து, புஷ்ஷைச் சுற்றி ஒரு மோதிரம் போலப் பள்ளம் போட்டிருந்தது. கண்ணுக்கு அது வெறும் பளபளப்பான கோடாகத்தான் தெரிந்தது. முதல் தடவையும் பார்த்தேன், தேய்ந்து பளபளக்கிறது, நல்லதுதானே என்று நினைத்தேன். வெர்னியரின் கத்தி போன்ற நுனியால் அளந்தோம். பள்ளம் இல்லாத ஓரத்தில் 35.0, பள்ளத்தில் 34.3. புது சீலின் உதடு அந்தப் பள்ளத்துக்கு மேலே சும்மா நின்றுகொண்டிருந்திருக்கிறது.

"இதுக்குத் தங்கத்துல பேரிங் போட்டாலும் தண்ணி போகும்" என்றார்.

மூன்று வழி இருந்தது. புது ஸ்பைடர் வாங்கலாம். ஷாஃப்ட்டும் புஷ்ஷும் அதோடே வரும், ஆனால் விலை என் மற்றச் செலவெல்லாம் சேர்ந்ததைவிட இரண்டு மடங்கு. சீலை ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி உட்காரவைத்து, உதடு பள்ளத்தை விட்டு விலகி உரசும்படி செய்யலாம். என் டப்பில் அதற்கு இடமில்லை, படி இடித்தது. மூன்றாவது, புது புஷ் கடைந்து போடுவது. அதற்கே போனேன். பித்தளையிலேயே செய்யட்டுமா என்றார், கடைவதற்கு சுலபம். துருப்பிடிக்காத எஃகில் செய்யுங்கள் அண்ணே என்றேன். முகம் சுளித்தார், ஆனாலும் செய்து கொடுத்தார். பழைய புஷ்ஷை உளியால் பிளந்து எடுத்தார். புதியதன் உள்விட்டம் ஷாஃப்ட்டைவிட 0.03 மி.மீ. குறைவு; சூடாக்கி ஏற்றி, ஆறினதும் அது கவ்விக்கொண்டது. வெளிவிட்டம் 35.0. லேத்தில் சுற்றவிட்டே 600, 1000, கடைசியில் 2000 நம்பர் தாளால் மெருகேற்றினார். தாளைச் சுற்றுவாக்கில்தான் பிடிக்கவேண்டும்; நீளவாக்கில் ஒரு கீறல் விழுந்தாலும் அதுவே தண்ணீருக்கு வாய்க்கால். மறுபடி நகத்தை வைத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டே போனது.

வீட்டுக்கு வந்து, முதல் தடவை செய்த மற்றத் தவறுகளையும் ஒவ்வொன்றாகத் தோண்டினேன். அப்போது வாங்கிய பேரிங் இரண்டு பக்கமும் தகட்டு மூடி வைத்த இசட்இசட் வகை. தகட்டுக்கும் உள்வளையத்துக்கும் இடையில் இடைவெளி இருக்கும். தூசி நிற்கும், தண்ணீர் நிற்காது. இந்தத் தடவை ரப்பர் மூடி வைத்த 2ஆர்எஸ், கூடவே சி3. சி3 என்றால் உள்ளே குண்டுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம்; கூட்டில் இறுக்கமாக அழுத்தும்போது அந்த இடம் குறையும் என்பதால் இது தேவை. ரப்பர் மூடியும் தண்ணீரில் ஊறிக்கிடந்தால் தாங்காது. அது இரண்டாவது கதவு மட்டுமே, முதல் கதவு சீல்தான்.

கிரீஸ் அடுத்தது. சைக்கிள் கிரீஸை சோப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போயிருந்தது. கழற்றியபோது சீலின் உதடுகளுக்கு நடுவில் அதன் சுவடே இல்லை. வாஷிங் மெஷின் சீலுக்கென்றே தண்ணீரில் கரையாத கிரீஸ் சின்னக் குப்பியில் விற்கிறது. இரண்டு உதடுகளுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை அதனால் முழுக்க நிரப்பினேன், புஷ்ஷின் மேலும் மெல்லிசாகத் தடவினேன். சீல் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பதை மட்டும் முதல் தடவையே படம் எடுத்திருந்தேன். திருப்பிப் போட்டால் எல்லாம் வீண்.

ஸ்பைடரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். கைகளின் இடுக்கில் சோப்பும் நூலும் சேர்ந்து கறுப்பான கொழகொழப்பு, ஒரு கைப்பிடி வந்தது. அதன் கீழே அலுமினியத்தில் குழிகள். இரண்டு கைகளில் மேலோட்டமாக ஒரு மி.மீ.; மூன்றாவதில் ஓர் இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுனி 3 மி.மீ. இறங்கியது. அங்கே கையின் தடிமன் 12 மி.மீ. தட்டிப் பார்த்தேன், கணீரென்றுதான் கேட்டது. மனசுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் போட்டேன். முறிந்த போல்ட்டைத் துளைத்து எடுத்து, புது மரை வெட்டி, வேறு போல்ட் மாட்டினேன். அதற்கே இரண்டு மணி நேரம்.

இன்னொரு நல்ல காரியமும் செய்தேன், இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டப்பை மூடியதும் மெஷினுக்குள் தூக்கி வைக்காமல், ஓட்டைகளை எல்லாம் துணியும் டேப்பும் வைத்து அடைத்து, கதவு வாய் மேலே பார்க்க மரக்கட்டைகளின் மேல் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். அடியில் பேரிங்குக்கு நேர் கீழே வெள்ளைத் தாள். டிரம்மைக் கையால் 100 சுற்று சுற்றிவிட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் நடுவில் தாள் காய்ந்திருந்தது. ஆனால் ஓரத்தில் ஈரம்! இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஒரு ஸ்க்ரூவை நான் இறுக்கவே இல்லை, விரலால் திருகியதோடு விட்டிருக்கிறேன். பழைய ரப்பர் வளையமும் சப்பிப் போயிருந்தது. அதை மாற்றி, எதிரெதிர் ஸ்க்ரூவாக இறுக்கி, இன்னோர் இரவு வைத்தேன். இதை உள்ளே வைத்து ஓட்டிக் கண்டுபிடித்திருந்தால் மூன்றாம் தடவை பிரித்திருக்க வேண்டும்.

அந்த 44-வது படத்துக்கு வருகிறேன். தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் சென்சாருக்கு டப்பின் அடியிலிருந்து ஒரு மெல்லிய காற்றுக் குழாய் போகும். அது எந்த வழியாகப் போனது என்று படம் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை மேல் எடைக்கல்லை மாட்டும்போது குழாய் அதன் அடியில் நசுங்கிவிட்டது. துணி போடாமல் முதல் ஓட்டம். தண்ணீர் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. கதவுக் கண்ணாடியில் பாதிக்கு மேல் வந்ததும்தான் உறைத்தது. பிளக்கைப் பிடுங்கினேன். வடித்து, மூடியைத் திறந்து, குழாயை நிமிர்த்தி ஸ்பிரிங்குக்குப் பின்னால் வளைத்துக் கட்டினேன். அடுத்த ஓட்டத்தில் தண்ணீர் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. பிழியும் கட்டம் வந்தபோது நான் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். 1000 சுற்றில் காற்றின் இரைச்சல் மட்டும் இருந்தது.

செலவை விகிதத்தில் சொல்கிறேன். இரண்டாம் தடவையின் இரண்டு பேரிங், சீல், கிரீஸ், டப் ரப்பர் எல்லாம் சேர்ந்து புது மெஷின் விலையில் 20-இல் ஒரு பங்கு. புஷ் கடைந்த கூலி அதில் பாதி. முதல் தடவை வாங்கிய பேரிங்கும் சீலும் தண்டம். கார்பன் பிரஷ் தண்டமில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். நேரம்: முதல் தடவை மூன்று நாள், இரண்டாம் தடவை பட்டறைக்குப் போய்வந்ததையும் தண்ணீர்ச் சோதனையையும் விட்டுவிட்டால் ஒன்றரை நாள்.

மறுபடி செய்வதானால் புஷ் கடையமாட்டேன், புது ஸ்பைடரே வாங்குவேன். மெஷினை அவ்வளவு பிரித்தபிறகு அரித்த கையை மறுபடி உள்ளே வைத்தது கஞ்சத்தனம். பேரிங் போனால் சத்தத்தோடு போகும், நமக்கு மாதக்கணக்கில் அவகாசம் கொடுக்கும். ஸ்பைடர் கை பிழியும் வேகத்தில் முறிந்தால் டிரம் டப்பைக் கிழித்துவிடும், அப்புறம் பழுதுபார்க்க ஒன்றும் மிஞ்சாது.

சோப்புத் தூளை முன்பு போட்டதில் பாதியாகக் குறைத்திருக்கிறேன். துணி அதே அளவு வெளுக்கிறது. மாதம் ஒருமுறை துணி இல்லாமல் வெந்நீரில் ஓட்டுகிறேன், அந்தக் கறுப்புக் கொழகொழப்பு ஸ்பைடரில் மறுபடி சேராமல் இருக்கட்டும் என்று. ஒற்றைக் கம்பளியை மட்டும் போட்டுப் பிழிவதை நிறுத்திவிட்டோம். ஒரு பக்கமாகச் சேர்ந்து டிரம் தடதடவென்று அடிக்கும்போது அந்த 3 மி.மீ. குழிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

பின்தகட்டில் 6 ஸ்க்ரூ இருக்கவேண்டும். இப்போது மூலைக்கு ஒன்றாக 4 தான் போடுகிறேன். மாதாமாதம் டிஷ்யூ தாளோடு போய்க் கழற்றுகிறவனுக்கு அது போதும்.